புறஞ்சேரி முதல் கண்ணகி நகர் வரை: நகர்நீதி நோக்கில் வாழிடச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

நகர வடிவமைப்பில் நீதி என்பது கட்டடக்கலை, சட்டம், புவியியல், சமூகவியல் ஆகிய துறைகளின் பொது ஆய்வுப்பொருளாக வளர்ந்துள்ளது. ஆயினும் அத்துறைகள் தமிழ்நிலத்தில் கையாளும் சொற்களின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. சேரி, புறம்போக்கு, குடிசை மாற்று, ஆக்கிரமிப்பாளர், பயனாளி ஆகிய சொற்களின் பொருள் மாற்றத்தைச் சென்னை நகரின் குடியிருப்பு வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஓரிடத்திற்கு இடப்படும் பெயர் அங்கு வாழ்வோரின் உரிமையைத் தாங்கவும் பறிக்கவும் கூடியது என்பதும், எனவே சொல்லாய்வு நகர ஆய்வின் தொடக்கப் பணியாக அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நகர்நீதி, சேரி, புறஞ்சேரி, புறம்போக்கு, குடிசை மாற்று, மறுகுடியமர்வு, திணை, கண்ணகி நகர்.

முன்னுரை

சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்து களைத்து மதுரையை அடைந்து தங்கும் இடம் மதுரையின் மதிலுக்கு வெளியே உள்ள புறஞ்சேரி. அந்நூலின் 13ஆம் காதை அவ்விடத்தின் பெயராலேயே அமைந்துள்ளது. இரண்டாயிரமாம் ஆண்டில் சென்னை நகரின் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்த ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. அக்குடியிருப்பு கண்ணகி நகர் எனப் பெயர் பெற்றது. நகருக்கு வெளியே தங்கி, நகருக்குள் சென்று நீதி கேட்ட காப்பியத் தலைவியின் பெயர் நகருக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களின் முகவரியாயிற்று. இது தற்செயலான பொருத்தமாக இருக்கலாம். ஆனால் ‘புறம்’ என்னும் சொல் தமிழ் நகர வரலாற்றில் எவ்வெப் பொருளில் வழங்கியது, அப்பொருள் எப்போது எவ்வாறு மாறியது என்னும் வினாவை இப்பொருத்தம் எழுப்புகிறது. அவ்வினாவிற்கு விடை காண்பது இலக்கிய ஆய்வாளரின் பணி. அவ்விடையின் பயன் நகரமைப்பு, சட்டம் முதலிய பிற துறைகளையும் சாரும்.

1. நகர்நீதி: துறைகள் கூடும் களம்

நகரத்தைக் கட்டடங்களின் தொகுதியாகக் காணாமல் உரிமைகளின் களமாகக் காணும் நோக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி லெஃபெவ்ர் 1968இல் ‘நகரத்திற்கான உரிமை’ என்னும் கருத்தை முன்வைத்தார். புவியியலாளர் டேவிட் ஹார்வி 1973இல் சமூக நீதியையும் நகரத்தையும் இணைத்து ஆராய்ந்தார். எட்வர்ட் சோஜா 2010இல் வெளியிட்ட நூலில் இடஞ்சார் நீதியைத் தனிக் கருத்தாக்கமாக வளர்த்தெடுத்தார். இவர்களுக்கு முன்னரே, 1961இல், ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களில் ‘சேரி ஒழிப்பு’ என்ற பெயரில் உயிர்ப்புள்ள தெருக்கள் அழிக்கப்படுவதைக் கடுமையாக விமர்சித்திருந்தார். நகரத்தில் ஒருவர் எங்கு வாழ முடிகிறது, எதற்கு அருகில் வாழ முடிகிறது என்பது அவருடைய வாழ்வு வாய்ப்புகளைத் தீர்மானிக்கிறது. எனவே இடப்பங்கீடும் நீதியின் பாற்பட்டது என்பது இவர்கள் அனைவர்க்கும் பொதுவான கருத்து.

தமிழகத்தோடு நேரடித் தொடர்புடைய முன்னோடி ஒருவரும் இவ்வரிசையில் உண்டு. உயிரியலாளராகத் தொடங்கி நகரமைப்பாளராக வளர்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பின் பேரில் 1914இல் இந்தியா வந்தார். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நேரில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர் பற்றிய அவரது கருத்துரை குறிப்பிடத்தக்கது. நெருக்கமான பழைய குடியிருப்புகளை ஊடறுத்து நேரான தெருக்களை அமைக்கும் அன்றைய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பழைய சந்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, பாழடைந்த ஒருசில வீடுகளை மட்டும் நீக்கி, கிடைக்கும் சிறு வெளிகளில் மரம் நடுவதே போதும் என்றார். செலவு குறைவு என்பதோடு, குடியிருப்போர் பெயர்க்கப்படுவதில்லை என்பதே அம்முறையின் சிறப்பு. இதனைக் ‘காக்கும் அறுவை மருத்துவம்’ எனத் தமிழில் வழங்கலாம். மருத்துவர் நோயறிந்த பின்னரே மருந்தளிப்பது போலத் திட்டத்திற்கு முன் ஆய்வு வேண்டும் என்பது கெடிசின் அடிப்படைக் கொள்கை. அந்த ஆய்வில் நிலம், தொழில், வீடு ஆகியவற்றோடு சொல்லும் இடம்பெற வேண்டும் என்பதற்கான காரணங்களைப் பின்வரும் பகுதிகள் எடுத்துரைக்கின்றன.

2. சேரி: சேர்ந்து வாழ்தலும் பிரித்து வைத்தலும்

‘சேர்’ என்னும் வினையடியாகப் பிறந்த சேரி என்னும் சொல் சங்க இலக்கியத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையும் தெருவையும் குறித்தது. குறுந்தொகை 231ஆம் பாடலின் தலைவி தான் வாழும் இடத்தைச் சேரி என்றே சுட்டுகிறாள். ஒரே ஊரில் இருந்தும் தலைவன் தம் சேரிப்பக்கம் வருவதில்லை என்பது அவளது மனக்குறை. அங்குச் சேரி இழிவின் பெயரன்று, அகவாழ்வின் முகவரி. இடப்பெயர்களிலும் இப்பொதுப்பொருள் நிலைத்துள்ளது. வேளச்சேரி, செம்மஞ்சேரி, புதுச்சேரி ஆகிய பெயர்களில் வரும் சேரி, குடியிருப்பு என்னும் பொருளையே தருகிறது.

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியும் இழிந்த இடமன்று. அது துறவியரும் அறவோரும் உறையும் இடம். அதனாலேயே இல்லற வாழ்வினர் அங்கு நெடிது தங்குதல் பொருந்தாது எனக் கோவலனுக்கு அறிவுறுத்தப்படுகிறது. புறத்தே இருத்தல் என்பது அங்கு இல்வாழ்வைத் துறந்தோர் விரும்பி ஏற்ற நிலை. பின்னர்க் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் மகள் மாதரியிடம் அடைக்கலமாக அளிக்கிறார். மாதரி அவளை மதில்வாயிலைக் கடந்து தன் மனைக்கு அழைத்துச் செல்கிறாள். நகருக்குப் புதியவரான ஒரு குடும்பம் புறத்திலிருந்து அகத்திற்குச் செல்லும் வழியாக அடைக்கலம் அமைகிறது. அதை அளிப்பவள் செல்வமோ அதிகாரமோ உடையவள் அல்லள். பால்பொருள் கொண்டு பிழைக்கும் பெண். ஓர் எளிய குடி மற்றொரு குடிக்கு நகரத்தின் வாயிலைத் திறந்துவிடும் இக்காட்சி, நகர்நீதி பற்றிய தமிழ்ச் சிந்தனையின் குறிப்பிடத்தக்க சான்றாகும்.

ஆயினும் தமிழ் மரபை ஒரே வண்ணத்தில் தீட்டுதல் ஆய்வு நேர்மை ஆகாது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைக் கூறுமிடத்து ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு முதலியவற்றை வரிநிலத்திலிருந்து நீக்கிக் காட்டுகின்றன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அக்கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. ஊரார் வாழுமிடம் நத்தம் என்றும், உழைப்போர் வாழுமிடம் சாதியும் தொழிலும் சுட்டிய சேரி என்றும் பெயரளவிலேயே பிரிந்துவிட்டதை இப்பட்டியல் உணர்த்துகிறது. சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த சொல் பிரித்து வைக்கப்பட்ட இடத்தைக் குறிக்கத் தொடங்கிய போக்கை இங்குக் காணலாம். இருபதாம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கில் ஊர், சேரி என்னும் இருமை முற்றிலும் சாதி எல்லையாகவே நிலைபெற்றது. ஆகவே நகரமைப்பு நூல்களை மொழிபெயர்ப்போர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகச் ‘சேரி’ என எழுதும்போது, இடத்தின் வறுமையை மட்டுமன்றி அங்கு வாழ்வோர்மீது ஏற்றப்பட்ட சாதி இழிவையும் உடன் எழுதிவிடுகின்றனர்.

3. புறம்போக்கு: பொதுநிலம் வசவான வரலாறு

மேற்கூறிய கல்வெட்டுப் பட்டியலில் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் குடியிருப்பும் ஒருங்கே வரிநீக்கிய நிலங்களாக நின்றன. வரி தராமை அவற்றைப் பயனற்றவை ஆக்கவில்லை. ஊர் இயங்குவதற்கு அவையே இன்றியமையாதவை. ஆங்கிலேயர் கால வருவாய் ஆட்சியில் இத்தகைய நிலங்கள் புறம்போக்கு என்னும் வகைக்குள் அடங்கின. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு எனப் பயன்பாட்டை ஒட்டி அவை வகைப்படுத்தப்பட்டன. வரிக்கணக்கிற்குப் புறத்தே போன நிலம் என்பதே சொல்லின் பொருள். ஆனால் வரி தரும் நிலமே நிலம் எனக் கருதும் ஆட்சிமுறையில் வரி தராத நிலம் வெற்றுநிலமாகத் தோன்றத் தலைப்பட்டது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் அத்தகைய நிலங்களை அரசுச் சொத்தாக வரையறுத்தது. ஊரின் பொது என்னும் நிலை சுருங்கி அரசின் உடைமை என்னும் நிலை முன்வந்தது.

இம்மாற்றத்தின் விளைவு மக்கள்மீதும் விழுந்தது. நிலமற்றோர் குடிசை அமைக்கக் கிடைத்தவை ஆற்றங்கரை, கால்வாயோரம், ஏரிக்கரை போன்ற புறம்போக்கு நிலங்களே. நிலத்தின் பெயர் நிலத்தில் வாழ்வோரின் பெயராயிற்று. ‘புறம்போக்கு’ என்பது ஒருவரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாக இன்று வழங்குவது தமிழர் அறிந்ததே. வரித்துறையின் கலைச்சொல் ஒன்று மனிதரைத் திட்டும் சொல்லாக மாறிய இந்நிகழ்வு, நில ஆவணமும் சமூக மனமும் எவ்வளவு நெருங்கி இயங்குகின்றன என்பதற்குச் சான்று.

அதே வேளையில் இச்சொல்லின் பயன்பாடு ஒருசீரானதன்று. பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளுமே நீர்நிலைகளிலும் சதுப்புநிலத்திலும் கட்டடம் எழுப்பியபோது அவை வளர்ச்சி எனப்பட்டன. ஏழைகள் அதே வகை நிலத்தில் குடிசை எழுப்பியபோது அது ஆக்கிரமிப்பு எனப்பட்டது. நிலவகை ஒன்றே, பெயர் மட்டும் ஆளுக்கேற்ப மாறியது. நகர்நீதி ஆய்வு முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இவ்வேறுபாட்டையே.

4. குடிசையை மாற்றுதலும் பகுதியை அகற்றுதலும்

தமிழ்நாடு அரசு 1970இல் ஒரு வாரியத்தை நிறுவியது. அதன் ஆங்கிலப் பெயர் சேரிகளை அகற்றும் வாரியம் எனப் பொருள்படும். அதன் தமிழ்ப்பெயரோ குடிசை மாற்று வாரியம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயர்களாயினும் அவை சுட்டும் செயல்கள் வேறு. ஆங்கிலப் பெயரில் செயலுக்கு ஆட்படுவது ஒரு பகுதி, செயல் அகற்றுதல். பகுதி அகற்றப்படும்போது அங்கு வாழ்வோர் எங்குச் செல்வர் என்பதற்கு அப்பெயரில் விடையில்லை. தமிழ்ப்பெயரில் செயலுக்கு ஆட்படுவது குடிசை, செயல் மாற்றுதல். குடிசை வீடாக மாறுகிறது. மனிதரும் இடமும் மாறுவதில்லை. மாற்றுதல் என்னும் வினை ஒன்றை நீக்கி அவ்விடத்தில் மற்றொன்றை வைத்தலைக் குறிப்பது என்பதையும் இங்கு நோக்க வேண்டும்.

வாரியத்தின் தொடக்ககாலச் செயற்பாடு பெரும்பாலும் தமிழ்ப்பெயரின் பொருளுக்கு நெருங்கியதாகவே இருந்தது. குடிசைகள் இருந்த இடத்திலோ அதன் அருகிலோ அடுக்குக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. நொச்சிக்குப்பத்தில் மீனவர்க்குக் கடற்கரையிலேயே குடியிருப்புகள் எழுந்தன. பிற்காலத்தில் அவை பழுதுற்று இடிக்கப்பட்டபோதும் அதே இடத்திலேயே புதிய கட்டடங்கள் கட்டப்பட்டன. 1977 முதல் உலக வங்கி உதவியுடன் நடைபெற்ற சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டங்களும் குடிசைப் பகுதிகளை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவதற்கு இடமளித்தன.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டமும் பெயரிடலின் ஆற்றலை உணர்த்துகிறது. ஒரு பகுதி குடிசைப் பகுதியென அரசால் அறிவிக்கப்பட்டால், அங்குக் குடியிருப்போரை வெளியேற்ற வழக்குத் தொடுப்பதற்கே உரிய அலுவலரின் முன்அனுமதி வேண்டும் என்பது அதன் 29ஆம் பிரிவு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டு மொத்தம் 1,219 ஆயிற்று. அதன்பின் சென்னையில் பட்டியல் நெடுங்காலம் விரிவடையவில்லை. நகரமோ விரிந்துகொண்டே சென்றது. பட்டியலில் இடம்பெறாத குடியிருப்புகள் கண்முன் இருந்தும் சட்டத்தின் கண்ணில் குடியிருப்புகளாகவில்லை. ‘குடிசைப் பகுதி’ என்னும் பெயர் இழிவைத் தருவதாயினும் சட்டக் காப்பையும் தந்தது. பெயரின்மை அக்காப்பை மறுத்தது. எனவே இழிசொல்லை நீக்கினால் நீதி கிட்டிவிடும் என்னும் எளிய முடிவு இங்குப் பொருந்தாது. எந்தப் பெயர் எந்த உரிமையைத் தாங்கி நிற்கிறது என்பதை ஆராயாமல் பெயரை மாற்றுவது அவ்வுரிமையையும் இழக்கச் செய்யக்கூடும்.

2000க்குப் பின் நிலைமை மாறியது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகளும், செம்மஞ்சேரியில் 6,700க்கும் மேற்பட்ட வீடுகளும், பெரும்பாக்கத்தில் எட்டுத் தளக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளும் திட்டமிடப்பட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின்னும் இவ்விடங்களுக்குக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்தானது என்னும் காரணம் மெய்யானதே. அதனைப் புறந்தள்ளுதல் தகாது. ஆனால் குடிசைப் பகுதியாக ஓரிடத்தை அறிவிப்பதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் காரணங்களுள் தாழ்வான நிலமாக இருத்தலும் ஒன்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த தாழ்நிலப் பரப்பில் புதிய குடியிருப்புகள் அமைந்தபோது, எந்தக் குறைக்காக மக்கள் பெயர்க்கப்பட்டனரோ அந்தக் குறையுள்ள இடத்திற்கே அவர்கள் கொண்டு சேர்க்கப்பட்டனர். இக்காலச் செயற்பாடு வாரியத்தின் தமிழ்ப்பெயரைவிட ஆங்கிலப் பெயரின் பொருளையே பின்பற்றியது எனலாம்.

2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. குடிசை என்னும் சொல்லைவிட வாழ்விடம் என்னும் சொல் விரிவானது. வாழ்விடம் வீட்டை மட்டும் குறிப்பதன்று. பள்ளி, மருத்துவமனை, சந்தை, வேலை, உறவு ஆகியவை கூடிய சூழலைக் குறிப்பது. அப்பெயரின் முழுப்பொருளை ஏற்பதாயின், வீட்டுக் கதவைத் திறந்து சாவியைத் தருவதோடு பணி நிறைவடையாது.

5. குடி, ஆக்கிரமிப்பாளர், பயனாளி

இடப்பெயர்களைப் போலவே ஆட்பெயர்களும் ஆராயத்தக்கவை. குடி என்னும் வேர்ச்சொல் வீட்டையும் குடும்பத்தையும் நாட்டின் மக்களையும் ஒருங்கே குறித்தது. குடிசை, குடில், குடியிருப்பு, குடிமகன், குடியுரிமை ஆகியவை அவ்வேரின் கிளைகள். மொழி நிலையில் குடிசைக்கும் குடியுரிமைக்கும் இடையே பிளவில்லை. குடியிருத்தலே ஒருவரைக் குடியாக்குகிறது என்னும் எண்ணம் இச்சொற்குடும்பத்தில் உறைந்துள்ளது.

ஆட்சிமொழி இவ்வுறவைத் துண்டித்தது. குடிசையில் வாழ்பவர் வெளியேற்றப்படும் வரை ஆக்கிரமிப்பாளர் எனப்படுகிறார். புதிய வீடு ஒதுக்கப்பட்டவுடன் பயனாளி எனப்படுகிறார். ஆக்கிரமிப்பாளர் குற்றம் புரிந்தவர். பயனாளி உதவி பெற்றவர். முன்னவர் அஞ்ச வேண்டும், பின்னவர் நன்றி பாராட்ட வேண்டும். இவ்விரு நிலைகளிலும் உரிமையோடு கேள்வி கேட்கும் குடி என்னும் நிலை காணாமற்போகிறது. எங்கு வீடு, எத்தனை சதுர அடி, எப்போது பெயர்வது என்னும் முடிவுகளில் அவர் கருத்து கேட்கப்பட வேண்டியவர் என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துவதில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு கூறும் வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறியது. அத்தீர்ப்பு வெளியேற்றத்தை முற்றிலும் தடுக்கவில்லை. எனினும் நடைபாதையில் வாழ்பவர் வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அங்கு வாழ்கிறார் என்னும் உண்மையைச் சட்டமொழிக்குள் கொண்டுவந்தது. குடியிருத்தலும் பிழைத்தலும் பிரிக்க முடியாதவை என்னும் அக்கருத்து, குடி என்னும் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பிற்கு மிக நெருங்கியது.

6. தொலைவும் திணைநோக்கும்

கெடிஸ் நகரத்தை ஆராய்வதற்கு இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று பிணைந்த கூறுகளாகக் கொண்டார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப்பள்ளத்தாக்கை ஒரு வரைபடமாக்கி, வேட்டையாடுவோர், ஆடு மேய்ப்போர், உழுவோர், மீன்பிடிப்போர் என அவ்வந் நிலத்திற்குரிய தொழிலையும் வாழ்வையும் அதில் காட்டினார். குறிஞ்சி தொடங்கி நெய்தல் வரையிலான திணைப் பகுப்பை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகச் செய்தி எனத் தொழிலைக் கூறுகிறது. பிற்கால நம்பியகப்பொருள் ஊரையும் நீரையும் மக்களையும் சேர்த்துக் கருப்பொருள்களைப் பதினான்காக விரிக்கிறது. இவ்விரு சிந்தனைகளுக்கும் இடையே கடன்பேறு இருப்பதாகக் கூறச் சான்றில்லை. திணை இலக்கிய மரபின் கோட்பாடு. கெடிசின் வரைபடம் திட்டமிடலுக்கான கருவி. ஆயினும் நிலத்தையும் தொழிலையும் மக்களையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இந்நோக்கில் மறுகுடியமர்வை ஆராய்ந்தால் அதன் அடிப்படைக் குறை புலனாகிறது. அது மக்களை எடுத்துச் செல்கிறது. தொழிலை அங்கேயே விட்டுச் செல்கிறது. நகர மையத்திலிருந்து கண்ணகி நகர் சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது, பெரும்பாக்கம் அதற்கும் அப்பால் உள்ளது. வீட்டுவேலை செய்யும் பெண், பூ விற்பவர், சுமை தூக்குபவர், கட்டடத் தொழிலாளி ஆகியோரின் பிழைப்பு நடந்து செல்லும் தொலைவில் உள்ள வீடுகளையும் சந்தையையும் நம்பியது. காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கி, எட்டு மணிக்குத் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மீண்டும் மற்றொரு வீட்டிற்கு வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் நாள், 20 கி.மீ. தொலைவு இடையே புகுந்தவுடன் குலைகிறது. வரைபடத்தில் அது வெறும் கோடு. வாழ்வில் அது இழந்த ஒரு வேலை, அல்லது தனியே விடப்பட்ட ஒரு குழந்தை.

புகார் நகரின் அமைப்பை விளக்கும் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்ததைக் கூறுகிறது. கைவினைஞரும் வணிகரும் வாழும் பகுதிக்கும் அரசரும் செல்வரும் வாழும் பகுதிக்கும் நடுவே சந்தை இருந்தது. காப்பிய வருணனையை நகர வரைபடமாக அப்படியே கொள்ள இயலாது. அந்நகரிலும் தொழிலும் குலமும் இடத்தைப் பிரித்தன. ஆனால் பிரிந்த இரு பாக்கங்களும் நாள்தோறும் சந்திக்கும் இடைவெளி நகரின் நடுவில் இருந்தது என்பது கருதத்தக்கது. இன்றைய மறுகுடியமர்வில் அந்த இடைவெளியே தொலைவாக மாறிவிட்டது.

தொலைவைக் குறைக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. புறநகரில் குடியமர்த்தப்பட்ட உழைக்கும் பெண்களுக்கு இது பெரும் ஆறுதல். பயணச் செலவு குறைந்தது. பயண நேரம் குறையவில்லை. நேரமும் கூலியின் ஒரு பகுதி என்பதை நகரமைப்புக் கணக்கில் சேர்க்கும் வரை இம்முயற்சி பாதிவழியிலேயே நிற்கும்.

7. பெயரை மீட்டல்

மேலிருந்து இடப்பட்ட பெயர்களை மக்கள் அப்படியே ஏற்பதில்லை. அவற்றின் பொருளை மாற்றவும் செய்கின்றனர். 2015இல் வெளிவந்த ஒரு திரைப்படம் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ என்று பெயர் பூண்டது. 2017இல் எண்ணூர்க் கழிமுகம் பற்றி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ அச்சொல்லின் பொதுநிலப் பொருளை மீண்டும் நினைவூட்டியது. வசையாகிப்போன சொல் அதன் பழம்பொருளை நோக்கித் திரும்பும் முயற்சிகள் இவை.

கண்ணகி நகர் என்னும் பெயரும் இத்தகைய போராட்டத்தைக் கண்டுள்ளது. அம்முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை, மாப்பிள்ளை அமைவதில்லை என்பதால் பலர் அதனை மறைத்துத் துரைப்பாக்கம் என்று சொல்லிக்கொள்ளும் நிலை பரவலாகப் பேசப்பட்டது. 2025இல் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இடம்பெற்ற கார்த்திகா, ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே தமிழகமெங்கும் அறியப்பட்டார். மறைக்கப்பட்ட முகவரி பெயரின் முன்னொட்டாயிற்று. இதனை நகர்நீதி கிட்டியதற்கான சான்றாகக் கொள்ளலாகாது. ஒருவரின் வெற்றி ஓர் ஊரின் பேருந்துக் குறையையோ வெள்ளக் குறையையோ தீர்ப்பதில்லை. ஆனால் பெயரின் இழிவு அவ்விடத்து மக்களின் இயல்பன்று, பிறர் ஏற்றியதே என்பதை அது வெளிப்படுத்தியது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. சேரி, புறஞ்சேரி ஆகிய சொற்கள் தொடக்கத்தில் இழிபொருள் உடையன அல்ல. நிலவுரிமையும் சாதிப் பிரிவினையும் வரி ஆட்சியும் அவற்றின் பொருளை மாற்றின. நகரமைப்புத் துறையினர் இச்சொற்களை ஆளும்போது இவ்வரலாற்றை அறிந்து ஆள வேண்டும்.

2. பெயரிடல் உரிமையைப் பறிப்பதோடு அளிக்கவும் செய்யும். குடிசைப் பகுதி என்னும் சட்ட அறிவிப்பு காப்பளித்தது. அறிவிப்பின்மை அதனை மறுத்தது. எனவே பெயர் மாற்றமும் உரிமைக் காப்பும் ஒருங்கே நிகழ வேண்டும்.

3. குடிசை மாற்று என்னும் தமிழ்த்தொடர், இருக்கும் இடத்திலேயே வாழ்வை மேம்படுத்தும் கொள்கையைத் தன்னகத்தே கொண்டது. வாரியத்தின் பெயரிலிருந்து அச்சொல் நீங்கினாலும் அக்கொள்கை நீங்கலாகாது.

4. ஆக்கிரமிப்பாளர், பயனாளி ஆகிய சொற்களுக்கு மாற்றாகக் குடி, குடியிருப்போர் ஆகிய சொற்களை அரசு ஆவணங்களும் ஆய்வேடுகளும் கையாளலாம். கருத்துக் கேட்கப்படும் உரிமையை அச்சொற்கள் நினைவூட்டும்.

5. இடம், தொழில், மக்கள் ஆகியவற்றைப் பிரிக்காத திணைநோக்கு, மறுகுடியமர்வுத் திட்டங்களை மதிப்பிடும் அளவுகோலாகப் பயன்படும். வீட்டின் பரப்பளவோடு வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவும் பயண நேரமும் அவ்வளவுகோலில் இடம்பெற வேண்டும்.

சொற்கள் மட்டுமே கொள்கைகளை உருவாக்குவதில்லை. நிலவிலை, கடனுதவி, ஆற்றுச் சீரமைப்பு, அரசியல் ஆகிய பல காரணங்கள் மக்களைப் பெயர்க்கின்றன. ஆயினும் அக்காரணங்கள் அனைத்தும் நியாயமாகத் தோன்றுவதற்குச் சொற்களே வழியமைக்கின்றன. கட்டடக் கலைஞர் நிலத்தை அளக்கிறார். சட்டவியலார் உரிமையை அளக்கிறார். புவியியலார் தொலைவை அளக்கிறார். அம்மூவரும் கையாளும் சொற்களை அளந்து காட்டும் பொறுப்பு தமிழாய்வாளர்க்கு உரியது. மாதரி கண்ணகியைப் புறஞ்சேரியிலிருந்து மதில்வாயிலைக் கடந்து அழைத்துச் சென்றதற்கு அடைக்கலம் என்று இளங்கோவடிகள் பெயரிட்டார். மதிலுக்கு உள்ளிருந்து புறத்தே அனுப்புவதற்கு அப்பெயர் பொருந்தாது என்பதை எடுத்துரைப்பதும் அப்பொறுப்பின் பாற்பட்டதே.